மற்கலை கற்க ஒரு மணி நேரம்

(மூன்றாமாண்டு வரலாறு மாணவி)

கற்க வேண்டும் என்னும் ஆர்வம் நம்மில் பலருக்கு உண்டு. கற்பிக்க வல்ல ஆசான்களும் நம் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் விடியலில் ஒரு வேலை, பகலில் கல்லூரி, மாலையில் மற்றொரு வேலை என்று நாளைக் கூறு போட்டு விற்றுவிட்டவர்களுக்கு, அந்த ஆர்வமும் ஆசானும் சந்திக்கும் வேளை எது? இக்கேள்விக்கு விடை தேடித் திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே சில மாதங்கள் அலைந்தேன். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவருக்கேனும் பயன்படும் என்னும் எண்ணத்தில்தான் இதை எழுதத் துணிந்தேன்.

நான் கற்க விரும்பிய கலையின் பெயர் ஜியு-ஜித்சு. ஜப்பானில் தோன்றிப் பிரேசில் நாட்டில் தனிவடிவம் பெற்ற பிடிக்கலை அது. குத்தும் உதையும் அதில் முதன்மையல்ல. எதிரியை நெருங்கிப் பற்றி, நிலை தடுமாறச் செய்து, தரையில் கிடத்தி, மூட்டை மடக்கியோ கழுத்தை இறுக்கியோ அடக்குவதே அதன் முறை. பயிற்சியின்போது அடங்கியவர் கையால் இருமுறை தட்டினால் போதும். மேலிருப்பவர் அக்கணமே விட்டுவிட வேண்டும். நம் மற்போருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஏன் இந்த ஆசை?

திருவரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலை நாலரை மணிக்குப் போனால் எட்டு மணிக்கு விடுவார்கள். எட்டரை, கோப்பு, போசம்பட்டிப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கும். யார் பேரில் எத்தனை கிலோ, அன்றைய விலை என்ன, கமிஷன் போக அவருக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்று சிட்டையில் ஏற்றுவது என் வேலை. பிறகு கல்லூரி. செவ்வாயும் வியாழனும் மாலையில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். என் கல்லூரிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் தம்பியின் புத்தகச் செலவும் இவ்வருவாயில்தான் நடக்கின்றன.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள், விளக்கு எரியாத ஒரு சந்தில், எதிரே வந்த ஒருவன் என் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றி நிறுத்தினான். மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். சந்து முனையில் பால் வண்டியின் வெளிச்சம் திரும்பியதும் விட்டுவிட்டு ஓடிப்போனான். எல்லாம் கால் நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கால் நிமிடமும் என் கை என் சொல்லைக் கேட்கவில்லை. குரலும் எழவில்லை. அன்றைக்கும் கடைக்குப் போய்க் கணக்கு எழுதினேன். என் கையெழுத்து மட்டும் யாருடையதோ போலிருந்தது.

அம்மாவிடம் சொன்னபோது அவர் அழவில்லை. "நாளையிலேருந்து பூக்கடைக்குப் போக வேண்டாம்" என்றார். வேலையை விட்டால் படிப்பையும் விட வேண்டியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும். வேலையும் படிப்புமா, அல்லது அச்சமின்றி வீட்டில் இருப்பதா என்று இரண்டே வழிகள்தாம் எங்கள் முன் இருந்தன. மூன்றாவது வழி ஒன்று உண்டா என்று பார்க்க மூன்று மாதம் தவணை கேட்டேன். அதுவரை மாமா துணைக்கு வருவது என்று முடிவாயிற்று. அவர் இரவுக் காவல் வேலை பார்ப்பவர். என்னால் அவருடைய தூக்கம் கெட்டது.

தற்காப்பு என்றாலே கராத்தேதானே, இதென்ன புதிய பெயர் என்று தோழிகள் கேட்டார்கள். எட்டி நின்று அடிப்பதற்கு நல்ல கலைகள் பல உண்டு. என்னை ஒருவன் ஏற்கெனவே பிடித்துவிட்டான். பிடித்த பின் என்ன செய்வது என்பதே எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அதற்கு விடை தருவது பிடிக்கலை. உடல் வலுவில் குறைந்தவர், நெம்புகோல் போலத் தம் எலும்பையும் இடுப்பையும் பயன்படுத்தி வலியவரிடமிருந்து விடுபடும் வழியை அது கற்பிக்கிறது.

தேடிய கதை

முதலில், தெருவுக்கொன்றாகத் தொங்கும் தற்காப்புக் கலைப் பலகைகளைப் பார்த்துக் கொண்டு போனேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஓர் இடத்தில் நல்ல வகுப்பு நடந்தது. நேரம் காலை ஆறு முதல் ஏழு வரை. அந்நேரத்தில் நான் மல்லிகைக்கும் முல்லைக்கும் நடுவில் இருப்பேன்! மாலை வகுப்போ சிறு பிள்ளைகளுக்கானது.

அடுத்து, குளிரூட்டப்பட்ட ஓர் உடற்பயிற்சிக் கூடம். தனிப்பாடம் உண்டு, எந்த நேரமும் வரலாம் என்றார்கள். கட்டணத்தைக் கேட்டேன். என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அதுகூடப் போகட்டும். "இந்தக் கலையை யாரிடம் கற்றீர்கள்?" என்று பயிற்சியாளரைக் கேட்டபோது, காணொளி பார்த்துக் கற்றதாகச் சொன்னார். கழுத்தை இறுக்கும் பிடிகளைக் காணொளியில் கற்ற ஒருவரிடம் என் கழுத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதாக ஆற்று மணலில் சிலம்பம் கற்பிக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்கும் தொழிலாளி அவர். பகலெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கம்பு சுற்றக் கற்றுத் தருகிறார். காசு வாங்குவதில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதைப் பெருமையோடு சொன்னார். போட்டிகள் நடந்த நான்கு நகரங்களுள் நம் திருச்சியும் ஒன்று.

என் தேவையைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பாப்பா, கம்பு நான் சொல்லித் தாரேன். ஆனா நீ கேக்குறது கம்பு இல்ல, பிடி. அது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு. எங்கிட்டக் கம்பு சுத்தின பொண்ணுதான். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. உனக்கு நேரம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டு அலையாத. கத்துக் கொடுக்கிறவங்களுக்கும் வயிறு இருக்கு, வேலை இருக்கு. ரெண்டு பேருக்கும் தோதுப்படுற நேரந்தான் பாட நேரம்."

மூன்று மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியையே பெரியவர் மாற்றிவிட்டார். "எனக்கு ஒழியும் நேரத்தில் கற்பிக்க யார் இருக்கிறார்?" என்று கேட்டவரைக்கும் எனக்கு யாரும் கிடைக்கவில்லை. "எங்கள் இருவருக்கும் பொதுவான நேரம் எது?" என்று கேட்டபோது வழி திறந்தது.

மூன்று வாரக் கணக்கு

பெரியவர் சொன்ன அக்கா திருவானைக்காவலில் குடியிருக்கிறார். பள்ளிப் பருவத்தில் சிலம்பம், கல்லூரியில் ஜூடோ, பிறகு சென்னையில் வேலை பார்த்த ஐந்தாண்டுகளில் ஜியு-ஜித்சு என்று படிப்படியாகக் கற்றவர். இப்போது துவாக்குடிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பணி. வாரத்துக்கு வாரம் மாறும் மூன்று ஷிப்டுகள்: ஒரு வாரம் காலை ஆறு முதல் இரண்டு வரை, அடுத்த வாரம் இரண்டு முதல் இரவு பத்து வரை, மூன்றாவது வாரம் இரவு பத்து முதல் காலை ஆறு வரை. "எனக்கே என் நேரம் தெரியாதேம்மா!" என்று சிரித்தார்.

நான் கணக்கு எழுதுகிறவள் ஆயிற்றே! பூக்கடைச் சிட்டை போல ஒரு தாளில் மூன்று பத்தி போட்டேன். அவர் வேலை நேரம் ஒரு பத்தி, என் நேரம் ஒரு பத்தி, இருவருக்கும் வெற்றாக இருக்கும் கட்டங்கள் மூன்றாம் பத்தி. வாரத்துக்கு வாரம் பார்த்தால் குழப்பமாகத் தெரிந்தது, மூன்று வாரத்தைச் சேர்த்துப் பார்த்தபோது ஒழுங்காகத் தெரிந்தது. அவர் காலை ஷிப்டில் இருக்கும் வாரம், திங்களும் வெள்ளியும் மாலை ஆறு முதல் ஏழு வரை. இரண்டாம் ஷிப்டு வாரத்தில், பூக்கடை விட்டதும் எட்டேகால் முதல் எட்டேமுக்கால் வரை இரண்டு நாள், ஞாயிறன்று ஒரு மணி நேரம். இரவு ஷிப்டு வாரத்தில், அவர் தூங்கி எழுந்த பின் புதன் மாலை ஐந்தரைக்கு ஒரு மணி நேரம். ஆக, மூன்று வாரத்தில் ஐந்து மணி நேரம். சொற்பம்தான். ஆனால் நிச்சயமான சொற்பம்!

கட்டணம் மணிக்கு 400 ரூபாய் என்று பேசினோம். அதைத் தனியே கொடுக்க என்னால் இயலாது. என் வகுப்புத் தோழி ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டு ஆளுக்கு 200 என்று பகிர்ந்தோம். அவள் வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அதனால் அவள் நேரம் வளைந்து கொடுத்தது. இதில் செலவு மட்டுமா குறைந்தது? பிடிக்கலைக்குப் பிடிப்பதற்கு ஓர் உடல் வேண்டும். ஆசான் ஒருவர், மாணவி ஒருத்தி என்று இருந்தால் ஆசானே பாதி நேரம் பிடி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே நின்று குறை காண இயலாது. இருவராகச் சென்றால் அவர் சுற்றி நின்று பார்த்துத் திருத்த முடிகிறது. எங்கள் இருவர் வீட்டாருக்கும் மன நிம்மதி கிடைத்ததையும் சொல்ல வேண்டும். தனிப்பாடம் கற்க விரும்பும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: தனியாகப் போகாதீர்கள், துணை தேடிக்கொண்டு போங்கள்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி நெருங்கியபோது பூக்கடையில் இரவு பகல் பாராத வேலை. மூன்று வாரம் பாடம் இல்லை. தீபாவளிக்கு முன் இருபது நாள் தோழியின் தையல் எந்திரம் ஓயவே இல்லை. அப்போது நான் மட்டும் போனேன். அக்காவுக்கு ஒருமுறை தொடர்ந்து இரட்டை ஷிப்டு விழுந்தது. இப்படி அறுபட்டதை எல்லாம் நட்டம் என்று எழுதாமல், "பாக்கி" என்று சிட்டையில் எழுதிவைத்தோம். பாக்கி என்றால் என்றாவது தீர்க்கலாம் அல்லவா?

பன்னிரண்டு பாய் விரித்த அறை

அக்கா வீட்டு மாடியில் ஒரு சிறு அறை. ஒன்றோடொன்று கோத்துப் போடும் ரப்பர் நுரை விரிப்புகள் ஆறு. அவ்வளவே எங்கள் கோதா! இதில் எப்படிப் புரள்வது என்று தோழி தயங்கியபோது, அக்கா ஒரு செய்தி சொன்னார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882ஆம் ஆண்டு டோக்கியோவில் ஏஷோஜி என்னும் புத்தர் கோயிலின் ஓர் அறையில்தான் தம் கோடோக்கான் பள்ளியைத் தொடங்கினார். பன்னிரண்டு பாய் விரித்த இடம். சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். அப்போது அவருக்கு வயது 21. பகலில் மற்றொரு பள்ளியில் ஆசிரியர் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். உலகெங்கும் பரவி ஒலிம்பிக்கிலும் இடம் பிடித்த ஒரு கலை, வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒருவரின் மீந்த நேரத்தில் முளைத்தது என்பது எங்களுக்கு எவ்வளவு தெம்பளித்தது தெரியுமா?

கானோவின் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா என்பவர் நாடு நாடாகச் சென்று மற்போர் செய்து, 1914இல் பிரேசிலை அடைந்து, பின்னர் பெலேம் நகரில் தங்கினார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி, 1925இல் ரியோ டி ஜெனீரோவில் பயிற்சிக் கூடம் தொடங்கினார். கார்லோஸின் தம்பி ஹீலியோ மெலிந்த உடலினர். அண்ணன் பாடம் நடத்துவதை ஓரமாக இருந்து பார்த்தே கற்றவர். ஒருநாள் வங்கி அதிகாரி ஒருவர் தமக்குரிய தனிப்பாடத்துக்கு வந்து காத்திருந்தாராம். கார்லோஸ் வரத் தாமதமாயிற்று. நான் நடத்தட்டுமா என்று ஹீலியோ கேட்டார். பாடம் முடிந்ததும், இனி இந்தத் தம்பியிடமே கற்கிறேன் என்று அதிகாரி சொல்லிவிட்டார் என்று அக்குடும்பத்தார் கூறுவது வழக்கம். வலுவைவிட நெம்புதலையும் வேளையறிதலையும் நம்பும் முறையை ஹீலியோ வளர்த்தார். வேலைக்குப் போகும் ஒருவரின் தனிப்பாட நேரம், ஒரு கலையின் வரலாற்றிலேயே இவ்வாறு இடம்பெற்றுவிட்டது!

அதே ஹீலியோ 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய வீரர் மசாஹிகோ கிமுராவிடம் தோற்றார். கையை முறுக்கும் ஒரு பிடியில் அவர் தோல்வி நேர்ந்தது. அந்தப் பிடிக்குப் பிரேசில் நாட்டுக்காரர்கள் "கிமுரா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தம்மை வென்றவரின் பெயரை நாள்தோறும் பாடத்தில் சொல்லும் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பெண்களுக்கு இக்கதவுகள் எளிதில் திறக்கவில்லை. 1959இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு ஜூடோ போட்டியில் ரஸ்டி கனோகோகி என்னும் பெண், தலைமயிரை வெட்டி ஆண் போல் உடுத்திக் களமிறங்கி வென்றார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பித் தரும்படி ஆயிற்று. அவரைப் போன்றோர் விடாது முயன்றதன் பயனாக, 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ காட்சிப் போட்டியாயிற்று. 1992இல் பார்சிலோனாவில் பதக்கப் போட்டியாகவே ஆயிற்று. இப்போது மாடி அறையில் யாரும் தடுக்காமல் நாங்கள் புரள்கிறோமே, அதற்கும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

உறையூர்க் களம்

இவை யாவும் கடல் கடந்த செய்திகள். நம் காவிரிக் கரைக்கும் மற்போருக்கும் உறவில்லையா என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள பாடல்களை எடுத்துரைத்தார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தி அப்பாடல்களில் வருகிறது. அவன் தந்தை தித்தன் உறையூரை ஆண்டவன். முதல் மூன்று பாடல்களைச் சாத்தந்தையார் பாடினார். அடுத்த மூன்றையும் பாடியவர் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர். பெருங்கோழி நாய்கன் மகள் என்று அவரைக் குறிப்பர். கோழி என்பது நம் உறையூரின் பெயர்.

எண்பதாம் பாடலில் கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்துகிறது. மற்றொரு கால் அவன் முதுகுப்புறம் வளைந்து தடுக்கிறது. இதைக் கேட்டதும் நானும் தோழியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முந்தின நாள் மாலை அக்கா எங்களுக்குக் காட்டிய நிலையும் ஏறக்குறைய அதுதான்! பெயர் பிரேசில் நாட்டுடையது. எலும்பும் மூட்டும் எந்நாட்டு மனிதருக்கும் ஒன்றே போலும்.

எண்பத்திரண்டாம் பாடலோ என் நெஞ்சில் நிலைத்துவிட்டது. போரின் விரைவைச் சொல்லப் புலவர் மின்னலையோ புலியையோ தேடிப் போகவில்லை. கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியைக் காட்டுகிறார். ஊரில் திருவிழா வந்துவிட்டது; வீட்டில் மனைவிக்குப் பேறுகால வேதனை; மழை பெய்கிறது; பொழுதும் சாய்கிறது. கட்டிலையும் முடித்தாக வேண்டும். அந்நேரத்தில் அவன் கையில் ஊசி எவ்வளவு விரைவாகப் பாய்ந்திருக்கும்! அத்துணை விரைவாக நடந்ததாம் அந்த மற்போர்.

தோழி என் காதருகே, "தீபாவளிக்கு முந்தின நாள் என் எந்திரத்தைப் பார்த்திருப்பார் போல" என்றாள். வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் உண்மை உண்டு. வேலை நெருக்கடி என்பது கலைக்குப் பகை என்றுதான் நாம் எண்ணுகிறோம். சங்கப் புலவரோ வேலை நெருக்கடியில் இருக்கும் ஒருவனின் கையில்தான் மல்லனின் திறத்துக்கு அளவுகோல் கண்டார். நேரம் குறைந்தவனின் கை வீண் அசைவு செய்யாது. எங்கள் அரைமணிப் பாடங்களும் அப்படித்தான் இருந்தன. வந்ததும் விரிப்பில் இறங்குவோம். கதை பேச நேரமில்லை.

கற்றதும் கல்லாததும்

முதல் இரு வாரமும் அக்கா எங்களுக்கு விழுவதற்கு மட்டுமே கற்றுத் தந்தார். தாடையை மார்போடு சேர்த்து, முதுகை வளைத்து, உள்ளங்கையால் தரையைத் தட்டி விழ வேண்டும். பின்மண்டை தரையில் படலாகாது. அடுத்து எழுதல். பிறகு, மணிக்கட்டை ஒருவர் பற்றினால் அவருடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடைவெளியை நோக்கி முழங்கையை மடக்கி இழுத்தல். இப்பிடி விடுபட்ட முதல் நாள் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா ஏன் என்று கேட்கவில்லை. "இன்னும் முப்பது தடவை" என்றார்.

கீழே கிடக்கும்போது இடுப்பை உயர்த்தி மேலிருப்பவரைப் புரட்டுதல், இறால் வளைவது போல் வளைந்து பக்கவாட்டில் நழுவுதல், கால்களால் எதிராளியின் இடுப்பைப் பூட்டித் தடுத்தல் ஆகியவை அதன்பின் வந்தன. கழுத்தை இறுக்கும் பிடியை ஆறு மாதத்துக்குப் பின்னரே காட்டினார். அது மூளைக்கு இரத்தம் செல்லும் நாளங்களை அழுத்துவது. சில வினாடிகளில் மயக்கம் வந்துவிடும். ஆசான் அருகில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது என்று எங்களிடம் கைமேல் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

இக்கலையில் வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று கச்சைகள் உண்டு. கறுப்புக் கச்சைக்குப் பத்தாண்டு உழைப்பது இயல்பு. பத்து மாதம் கற்ற நான் வெள்ளைக் கச்சையின் முதல் படியில் நிற்கிறேன். அக்காவே அடிக்கடி சொல்வார்: "இது தெரியும் என்பதற்காக யாரோடும் மல்லுக்கு நிற்காதே. விடுபட்டதும் ஓடு. கத்து. கையில் கத்தி வைத்திருப்பவனிடம் சைக்கிளைக் கொடுத்துவிட்டு வா." மேலும், தோழி ஒருத்தியோடு மட்டும் பழகினால் அவள் எடையும் பழக்கமும் மட்டுமே கைவரும். அதற்காகவே ஞாயிறுகளில் சில நாள், தம்மைவிடக் கனமான தம் அண்ணியை விரிப்புக்கு அழைத்து வருவார். அந்த அண்ணியின் எடைக்குக் கீழே கிடந்த நாள்களில்தான் நான் உண்மையாகக் கற்றேன்.

ஆசான் தேடும் நண்பர்கள் கவனிக்க வேண்டியவை சில. யாரிடம் கற்றீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆசான் மகிழ்ச்சியோடு சொல்வார். பணம் கட்டுவதற்கு முன் ஒரு பாடத்தை ஓரமாக அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தட்டியவுடன் விடும் பழக்கம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். நகம் வெட்டி, வளையலும் மூக்குத்தியும் கழற்றி, கூந்தலை இறுக முடிந்து செல்லுங்கள். விரிப்பை ஒவ்வொரு நாளும் துடைக்கும் இடமா என்பதும் முக்கியம். படர்தாமரை இவ்விடங்களில் எளிதாகப் பரவும். அது வந்தால் ஆறும்வரை பாடத்துக்குப் போகக் கூடாது.

அம்மா ஒருநாள் பாடம் பார்க்க வந்தார். மாடிப்படியில் அமர்ந்து, வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு பார்த்தார். நான் அண்ணியைப் புரட்டி எழுந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவிடம், "நீ நாளையிலேருந்து தூங்கு" என்றார். மறுநாள் முதல் தோழியின் தெரு வழியாக, விளக்குள்ள பெரிய வீதியிலேயே சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறேன். கால் மணி கூடுதலாகிறது. சந்து வழியே போய் வீரம் காட்டுவதற்காக நான் இதைக் கற்கவில்லையே!

ஒரு வேண்டுகோள்

சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி மாணவியர்க்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சிக்கு இடமிருக்கிறது. ஆனால் இருட்டில் வேலைக்குப் போகும் வயது பள்ளி முடிந்த பிறகுதான் நம்மில் பலருக்குத் தொடங்குகிறது. அந்த வயதில் நாம் கல்லூரியில் இருக்கிறோம்.

நம் கல்லூரியில் மாலையில் பூட்டிக் கிடக்கும் அறைகள் உண்டு. அவற்றுள் ஒன்றில் பன்னிரண்டு விரிப்புகள் போட்டுத் தரும்படி முதல்வர் அவர்களையும் உடற்கல்வித் துறையினரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கானோவுக்குப் போதுமான இடம் நமக்கும் போதும். நேர அட்டவணையை மட்டும் அலுவலகத்தில் வைத்து எழுத வேண்டாம். மருந்துக் கடையில் நிற்பவரும், செய்தித்தாள் போடுபவரும், உணவு விடுதியில் பரிமாறுபவரும் தத்தம் வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதித் தரட்டும். கற்பிக்க வரும் ஆசானும் தம் நேரத்தை எழுதட்டும். மூன்று வாரக் கணக்காகப் பார்த்தால் பொதுவான கட்டங்கள் சில நிச்சயம் தென்படும். அந்தக் கணக்கை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.